மணி அடிக்கிறது, எடுக்கவில்லை

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஃபோன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டரிலிருந்து, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர் வரை அதே பெயர்தான். பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் தொலைபேசியில் அழைத்து எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், கேட்டதைப் படிவத்தில் எழுத வேண்டும்.

"எப்படி இருக்கீங்க?" என்பது மரியாதையான கேள்வி. அவள் உண்மையில் கேட்பது "இருக்கீங்களா?" என்றுதான். அதை அப்படியே கேட்க முடியாது, சுற்றிவளைத்துத்தான் கேட்க வேண்டும். படிவத்தில் நான்கு கட்டங்கள் உண்டு: நோயின்றி இருக்கிறார், நோய் திரும்பியது, இறந்தார், தொடர்பில்லை. பல வருஷப் பழக்கத்தில், எதிர்முனையில் யார் எடுக்கிறார்கள், 'ஹலோ'வுக்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்பதை வைத்தே எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் அவர்கள் வாயால் சொல்லும்வரை காத்திருப்பாள். அழுகிறவர்களை அவசரப்படுத்த மாட்டாள்.

அவளுடைய அறை இரண்டாவது மாடியில், பழைய எக்ஸ்ரே உறைகள் அடுக்கிய கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுருள் வயர் வைத்த ஒரு பழைய தொலைபேசி. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் அறையின் சுவர் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்பது பேரோடு பேசுவாள். வீட்டுக்குப் போனால் பேச ஓர் ஆள் இல்லை.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். இருந்தாள் என்றால் இப்போதும் இருக்கிறாள், வேறு வீட்டில். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தவர்கள். உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை, அப்படியே ஆகிப்போனது. முப்பது வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சண்டை. இரண்டு வருஷம் முன்பு, ஐம்பத்து மூன்றாவது வயதில், அக்கா தன் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். போகும்போது, "உனக்கு ஒண்ணும் கோபமில்லையே?" என்று கேட்டாள். "எனக்கென்ன கோபம்?" என்றாள் தங்கை. அன்றிலிருந்து கோபம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா ஃபோன் செய்வாள். இவள் எடுக்க மாட்டாள். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரை மணி கழித்து, 'குளிச்சிட்டிருந்தேன், அப்புறம் பேசறேன்' என்று ஒரு செய்தி அனுப்புவாள். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் குளித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள், கணக்கு டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடும் இளம் டாக்டர் கையில் ஒரு தாளோடு அவள் அறைக்கு வந்தார். முப்பத்து நாலு வயசு, ஒல்லி. சட்டைப் பையில் பேனா கசிந்த கறையை மறைக்க அதன்மேல் அடையாள அட்டையைக் குத்தியிருப்பார். அவருடைய ஆராய்ச்சி மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே வருகிற புற்றுநோயைப் பற்றியது. கத்தி சுலபமாகப் போக முடியாத மூலை அது, அதனால் கதிர்வீச்சுதான் முதல் வைத்தியம். ஏழு வருஷம் முன்பு மருத்துவமனைக்குப் புது இயந்திரம் வந்தது. கட்டியின் வடிவத்துக்கே கதிரை வளைத்து, பக்கத்திலிருக்கும் எச்சில் சுரப்பிகளை முடிந்த மட்டும் காப்பாற்றுகிற இயந்திரம். அதில் முதலில் சிகிச்சை பெற்ற நானூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்து, யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கணக்கை அவர் ஐந்து வருஷமாகப் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். வயசு, கட்டியின் அளவு, கழுத்தில் நெறி கட்டியிருந்ததா, சிகிச்சை முடிந்த பிறகும் இரத்தத்தில் அந்த நோயோடு சேர்ந்து வரும் வைரஸின் துணுக்குகள் மிச்சமிருந்தனவா, எல்லாவற்றையும் போட்டால் கடைசியில் ஓர் எண் வரும்.

"அக்கா, பதினொரு பேர் தொடர்பில்லைன்னு இருக்காங்க. குறைக்க முடியுமா பாருங்க. அடுத்த மாசம் கணக்கை மூடணும்."

"கெடைக்கலைன்னா?"

"கடைசியா நம்ம பார்த்த தேதியோட அவங்களை நிறுத்திடுவோம். அதுக்கப்புறம் கணக்குல அவங்க இல்ல."

"செத்துட்டாங்கன்னா?"

"இல்லல்ல. செத்தாங்கன்னும் இல்ல, இருக்காங்கன்னும் இல்ல. அந்த நாளோட நிறுத்தறோம், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு அவள் அந்தப் பதினொரு பேரையும் வரிசையாக அழைத்தாள். ஏழு எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்று எண்கள் வேறு யாருக்கோ போயிருந்தன. அதில் ஒருவர், "தெனம் யாராவது இந்த ஆளைத் தேடறீங்களே, எனக்கே அவர் மேல பாசம் வந்துடுச்சு" என்றார். மிச்சம் ஒன்று. நூற்று எண்பத்தேழாம் கோப்பு. முழுசாக மணி அடித்து நின்றது.

கோப்பைப் புரட்டினாள். கடைசி வரவு நாலரை வருஷம் முன்பு. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கொரு முறை அவளுடைய கையெழுத்திலேயே ஒரே குறிப்பு: 'மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.' பதினெட்டு தடவை எழுதியிருந்தாள். எழுதும்போது தோன்றாதது, வரிசையாகப் பார்க்கும்போது தோன்றியது. கணக்கு டாக்டரிடம் ஓடினாள்.

"இந்த ஆள் உசிரோட இருக்கார் டாக்டர்."

"பேசினீங்களா?"

"பேசல. ஆனா செத்தவங்க நம்பர் இப்படி அடிக்காது. ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை வருஷம். அப்புறம் ஒண்ணு கட் ஆயிடும், இல்ல வேற யாராவது எடுப்பாங்க. இது நாலரை வருஷமா அடிக்குது. யாரோ தெனம் சார்ஜ் போட்டு வெச்சிருக்காங்க."

"மணி அடிக்குதுன்னு படிவத்துல கட்டம் இல்லையே அக்கா" என்று அவர் சிரித்தார். கேலி இல்லை, களைப்புச் சிரிப்பு.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் கோப்பிலிருந்த முகவரிக்குப் போனாள். ஆறு மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்து வீட்டிலிருந்து ஈரக் கையோடு ஓர் அம்மாள் வந்தாள். பெயரைச் சொன்னதுமே, "லிஃப்ட்காரரா?" என்றாள். "லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனில இருந்தார். அவர் இருந்த வரைக்கும் எங்க லிஃப்ட் ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. இப்ப பாருங்க, மூணு வாரமா வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. சம்சாரம் முன்னாடியே தவறிட்டாங்க, ஒரே பொண்ணு வெளியூர்ல. நோய்க்கு வைத்தியம் பண்ணினதுல இவருக்குக் காது போச்சு. மொதல்ல குய்யுன்னு ஒரு சத்தம்னார், அப்புறம் சுத்தமாப் போச்சு. மோட்டார் சத்தத்தை வெச்சுத்தானே கோளாறு கண்டுபிடிக்கணும்? வேலை போச்சு. ஸ்டேஷன் பக்கத்துல பெரிய ஓட்டல் இருக்கில்ல, அங்க துணி வெளுக்கற எடத்துல இருக்கறதாக் கேள்வி."

காது கேட்காத மனிதனைப் பதினெட்டு தடவை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறாள். கடிதம் போட்டதெல்லாம் இந்தப் பழைய முகவரிக்கு. ஆஸ்பத்திரி லைனிலிருந்து செய்தி அனுப்பவும் வழியில்லை.

ஓட்டலின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. ஆளுயர இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஆவி முகத்தில் அடித்தது. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு ஆள் இரண்டு முனையிலும் பிடித்து, சூடான உருளைகளுக்குள் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினாலும் கேட்காது. எட்டு மணி நேரத்துக்கு அங்கே எல்லோருமே செவிடர்கள்தான். மேஸ்திரி கையைக் காட்டினார். கழுத்துத் தோல் பழைய தோல்பை மாதிரி இறுகிப்போன, நரைத்த, நெட்டையான ஒரு மனிதர். இடுப்பில் தண்ணீர் பாட்டில் கட்டியிருந்தார்.

வெளியே, துணி மூட்டை இறக்கும் மேடையின் படியில் உட்கார்ந்தார்கள். அவள் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: 'ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன். உங்களுக்கு ஃபோன் பண்றது நான்தான்.'

அவர் படித்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது?" என்று அவர் போட்ட சத்தத்தில் வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார். உடனே தொண்டையில் கை வைத்து, அதிர்வை அளந்து, குரலைக் குறைத்துக்கொண்டார். "ஆம்பளைன்னு நெனச்சிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'நம்பர் தெரியுமா?' என்று எழுதினாள்.

"தெரியாம? ஆஸ்பத்திரின்னு போட்டு வெச்சிருக்கேன். கேக்காது. வெளிச்சம் வரும், பை நடுங்கும். எடுத்துக் கையில வெச்சுப் பாப்பேன். நிக்கற வரைக்கும் பாப்பேன்." இரண்டு வாக்கியத்துக்கொரு தடவை அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். எச்சில் ஊறாத வாய். "மூணு மாசம் ஆனா, இந்த வாரம் வரணுமேன்னு தோணும். வந்துடும். இன்னும் ஒரு ஆளுக்கு நம்ம ஞாபகம் இருக்குன்னு வெச்சுக்குவேன்."

'அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?'

அவர் பாட்டிலைத் திருகி மூடினார். பிறகு சொன்னார். கடைசியாக வந்த அன்று டாக்டர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்திருக்கிறார். அவருடைய கோப்பு எண், அதற்குக் கீழே 'ஐந்து ஆண்டு நோயின்றி இருக்கும் வாய்ப்பு', அதற்கு நேரே முப்பத்து நாலு.

"நூத்துக்கு முப்பத்து நாலு. எனக்குக் காதுதான் போச்சு, கணக்கு போகல. நான் லிஃப்ட்காரன்மா. ஒரு கட்டடத்துல நூறு லிஃப்ட் இருக்கு, அதுல முப்பத்து நாலுதான் அறுந்து விழாதுன்னு எவனாவது சொன்னா, நான் அந்தத் தெருவுக்கே போக மாட்டேன்."

அவள் எழுதினாள்: 'அது நூறு பேருக்குப் போட்ட கணக்கு. உங்களுக்குக் குறிச்ச தேதி இல்ல.'

"அந்த நூறு பேர்ல நானும் ஒருத்தன்தானே?"

பேனாவை மூடித் திறந்தாள்.

அவரே தொடர்ந்தார். வேலையை, வீட்டை விட்டார். ஆறு மாசத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. போகவில்லை. "பழகிட்டு அப்புறம் நான் போயிட்டா அதுக்கு ஏக்கமாயிடும் பாருங்க. வேலை ஜாஸ்தி, அடுத்த மாசம் வர்றேன், அடுத்த மாசம் வர்றேன்னு செய்தி அனுப்பினேன். இப்ப அவ கேக்கறதையும் நிறுத்திட்டா." கைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். சைக்கிளில் ஒரு சின்னப் பெண். "நாலு வயசு. ஒரு தடவை பாத்ததில்ல."

என்ன தோன்றியதோ, அவள் நோட்டில் தன் அக்காவைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, குளியல், எல்லாம். யாரிடமும் சொல்லாதது, பேசியிருந்தால் வாயில் வந்திருக்காது. எழுதினால் வந்தது. ஒரு பக்கம் நிரம்பியது. அவர் விரல் வைத்துப் படித்துவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார், இருமினார், தண்ணீர் குடித்தார்.

"நாலரை வருஷமா எனக்கு வேலை. ரெண்டு வருஷமா உங்களுக்குக் குளியல். நல்ல ஜோடி போங்க."

கிளம்பும்போது எழுதினாள்: 'நீங்க வரலைன்னா நாலரை வருஷத்துக்கு முன்னாடி தேதியோட உங்களை நிறுத்திடுவாங்க.'

"சரியாத்தான் சொல்றாங்க. அன்னிக்குத்தான் நின்னேன்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோனுக்குக் காத்திருக்காமல் அக்கா வீட்டுக்கே போனாள். சொல்லாமல் போனது தப்பாகப் போயிற்று. அக்காவின் கணவருடைய மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அக்கா வாசலில் அவளைப் பார்த்து முகம் மலர்ந்து, "ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், இரண்டு நிமிஷம் கட்டிக்கொண்டு நின்றாள். அதன்பிறகு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். மச்சான் மரியாதையானவர். மூன்று தடவை, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். தன் வீட்டிலிருந்த பழைய பித்தளைக் குவளை அங்கே ஜன்னலோரம் பேனா போட்டு வைக்க உதவிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டாள். கோபம் போய்விட்டிருந்தது. அது இருந்தவரைக்கும் துணைக்கு ஏதோ இருந்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அவள் அறை வாசலில் நிழல் விழுந்தது. சலவைக்காரர்களுக்கே கைவரும் விறைப்போடு தேய்த்த சட்டையில் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். "ஒரு தடவை பாத்துடட்டும்" என்றார்.

பரிசோதனைச் சீட்டில் 'உடன் வந்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. பதிவு செய்யும் பெண் அவரிடம் கேட்க, அவருக்குப் புரியவில்லை. ஃபோன் அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அவர் நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். காது டாக்டர், இடது காதுக்கு வழியில்லை, வலது காதுக்குக் கருவி வைத்தால் கொஞ்சம் தேறும், வர மூன்று வாரம் ஆகும் என்றார். முடிவெல்லாம் சேர்ந்து வர எட்டு நாள் என்றார்கள்.

அந்த எட்டு நாளில் நான்கு நாள், காலை வேலை முடிந்ததும் அவர் அவள் அறைக்கு வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவள் பேசுவதை அவரால் கேட்க முடியாது. ஆனால் பேசும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அழைப்பிலேயே விளையாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் ரிசீவரை வைப்பதற்குள், "இருக்கார்" என்பார். அடுத்ததற்கு, "இருக்கார், ஆனா மறுபடி வந்துடுச்சு." இன்னொன்றுக்கு எதுவும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் படிவத்தைக் காட்டுவாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தது.

"உங்க கணக்கு டாக்டரைவிட நான் தேவலாம் போலிருக்கே!"

'அவர் முன்னாடியே சொல்வார். நீங்க நடந்ததுக்கு அப்புறம் சொல்றீங்க' என்று எழுதினாள்.

"முன்னாடி சொல்லி என்னத்தைக் கண்டோம்?" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் இன்னொரு ஆள் உட்கார்ந்து அவள் வேலையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாலு மணிக்கு அவர் கிளம்பிப் போனபிறகு காலி நாற்காலியை அவள் மேஜைக்கடியில் தள்ளாமல் அப்படியே விட்டு வைத்தாள்.

முடிவு வந்த அன்று கணக்கு டாக்டரே அவரை உட்கார வைத்து, கணினித் திரையில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினார். மூக்குக்குப் பின்னால் சுத்தம். கழுத்து சுத்தம். நுரையீரல், ஈரல், எலும்பு சுத்தம். இரத்தத்தில் வைரஸ் இல்லை. பிறகு ஏதோ தட்டினார். ஓர் எண் வந்தது: தொண்ணூற்று மூன்று.

"இதென்ன?" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் அடித்தார்: 'அடுத்த ஐந்து வருஷம் நோயின்றி இருக்க உங்கள் வாய்ப்பு.'

"போன தடவை முப்பத்து நாலு. இப்ப தொண்ணூத்து மூணு. நடுவுல நான் என்ன பண்ணேன்?"

'நீங்க ஒண்ணும் பண்ணல. நாள் போச்சு. முதல் மூணு வருஷம்தான் பெரிய ஆபத்து. அதைத் தாண்டினவங்களுக்குக் கணக்கு வேற. நீங்க வந்துட்டே இருந்திருந்தா ஒவ்வொரு வருஷமும் எண் ஏறிட்டே வந்திருக்கும்.'

லிஃப்ட்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அறையிலிருந்த மூன்று பேரும் அவர் சந்தோஷப்படுவதற்காகக் காத்திருந்தார்கள், அவரையும் சேர்த்து. அது வரவில்லை.

"தாண்டிட்டேன்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றார், உரத்த குரலில். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு ஃபோன் அக்கா பக்கம் திரும்பி, "நீங்க அடிச்சீங்க. நான்தான் எடுக்கல" என்றார். முடிவுத் தாளை வாங்காமலே எழுந்து போய்விட்டார்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மாடிப்படித் திருப்பத்தில் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். மேலேயும் கீழேயும் போனவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே படியில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்தால் எல்லோரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். ஒரு நர்ஸ் பெண் அவர் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கணக்கு டாக்டருக்கு மட்டும் அன்று முழுக்க நல்ல மனநிலை. "பதினொண்ணு பத்தாச்சு அக்கா. இங்க பாருங்க" என்று திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். வருஷம் போகப் போக எத்தனை பேர் நோயின்றி மிஞ்சினார்கள் என்று காட்டுகிற, சரிந்துகொண்டே வந்த கோடு. அதன் வால் முன்பு இருந்ததைவிட ஒரு மயிரிழை மேலே போயிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த மயிரிழைதான் நாலரை வருஷம்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. காதுக் கருவி வந்து மருந்தகத்தில் பெட்டியோடு காத்திருந்தது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு அவள் ஓட்டலுக்குப் போனாள். மேஸ்திரி, "அவரா? நின்னுட்டாரே. மக ஊருக்குப் போயிட்டார். போய்ப் பத்து நாள் ஆச்சு. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

"எங்கிட்ட சொல்லணும்னு ஒண்ணும் இல்லையே" என்றாள்.

சொல்லும்போது அது நியாயமாகத்தான் பட்டது. அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டவர், அவள் ஆஸ்பத்திரி ஆள். நான்கு மதியங்கள், ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். உருளை இயந்திரத்தில் அவர் இடத்தில் வேறு ஒருவர் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வீடு வரைக்கும் நடந்தே போனாள், நாற்பது நிமிஷம். வழியில் ஒரு கடையில் ரொட்டி வாங்கினாள். கடைக்காரர், "வேற ஏதாவது?" என்றார். இல்லை என்றாள். ஓட்டலை விட்டு வந்த பிறகு அன்று அவள் பேசிய ஒரே வார்த்தை அது.

மேஸ்திரியிடம் ஊர் பெயரைக் கேட்டு, கருவியை மகளின் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் அவள் பெயர் இல்லை, பிரிவின் பெயர்தான். உள்ளே கோடு போட்ட தாளில் பெரிய எழுத்துகள்.

'ஐயா / அம்மா, நூற்று எண்பத்தேழாம் கோப்புக்காரன் எழுதுவது. புது முகவரி கீழே தந்துள்ளேன். இங்குள்ள டாக்டரிடம் காட்டினேன், ஒன்றும் இல்லை என்றார். கருவி கிடைத்தது. எல்லோரும் தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது, பரவாயில்லை. சாப்பாடு இன்னும் தண்ணீர் இல்லாமல் இறங்காது. மகள் சரியாகப் பேசுவதில்லை. வேளாவேளைக்குத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் கோபம் நியாயம்தான். பேத்தி ஒரு மாதம் கிட்டே வரவில்லை. கருவி மாட்டிய மறுநாள் வந்து, "நீ யாரு?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டது. சொன்னேன். வேறு விசேஷமில்லை. சொல்லாமல் வந்துவிட்டேன் என்று ஃபோன் செய்யும் அம்மாவிடம் சொல்லவும். சொல்லிவிட்டு வர நினைத்தேன், அந்த வாரம் எதற்கும் வாய் வரவில்லை. அவர் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, மன்னிக்கவும்.'

அவள் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். நோயாளிகளின் கடிதம் கோப்பில் சேர வேண்டும், அது விதி. இரண்டு ஓட்டை போட்டு நூற்று எண்பத்தேழில் கோர்த்தாள். கணக்கு டாக்டரைத் தேடிப் போனாள். அவர் கணக்கை மூடி, கட்டுரையை அனுப்பிவிட்டு, வேறு ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தப் பேத்தி கேட்ட கேள்வியையாவது சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருக்கும் நாற்பது பேரிடம் சொல்ல முடியாது. அவர்களுடைய கதையைக் கேட்பதற்குத்தான் அவள் கூப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருந்தாள். அன்று அக்கா வீட்டில் சாப்பாடு, இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"எங்க ஆஸ்பத்திரில ஒருத்தர்க்கா, லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்" என்று ஆரம்பித்தாள். அக்கா ஆவலோடு எதிரே உட்கார்ந்தாள். நூற்றுக்கு முப்பத்து நாலு என்கிற இடம் வந்தபோது மச்சான், "அந்த நோய் பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கினாள். அவருக்கு இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. அடுப்பில் ஏதோ பொங்கியது, அக்கா எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது, "ம், சொல்லு, யாரோ ஒருத்தர்னியே" என்றாள். உடனே மச்சானிடம், "உங்க மாத்திரை போட்டீங்களா?" என்று திரும்பினாள்.

"அவ்வளவுதான்க்கா. நல்லாயிட்டார்" என்றாள்.

"நல்ல சமாசாரம்தான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அக்கா தட்டை நிரப்பினாள்.

திரும்பும்போது அக்கா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். அடுத்த ஞாயிறு கட்டாயம் வரவேண்டும் என்றாள். சரி என்றாள் தங்கை. பஸ் வர நேரமானது. அக்காவுக்கு வீட்டில் வேலை இருந்தது, தயங்கினாள். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தாள். அக்கா மூலை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் பஸ் வந்தது. கூட்டமில்லை, உட்கார இடம் கிடைத்தது.